சட்டையில் வெட்டிய துண்டு

பழைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தபோது, பூச்சி உருண்டை வாசத்தோடு என் சின்னவயதுச் சட்டை கையில் வந்தது. அதன் விளிம்பில் உள்ளங்கையளவு ஓட்டை. குருநகரில் இன்று இல்லாத எங்கள் வீட்டில், அந்த டிசம்பர் நத்தார்ப் பண்டிகை விடுமுறை முழுக்க, கனடா போகவிருந்த அண்ணைக்காக அம்மா சேலைத் துண்டுகளைப் பொருத்திப் போர்வை தைக்க, அப்பா வலைநூலால் ஓரம் கட்ட, நானும் ஊசியோடு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ, இது மீனுக்கு விரிக்கவோ, பிள்ளை போர்க்கவோ?" என்று அம்மா சீண்டுவார்.

"உதுக்குள்ளாலை குளிர் பூராது," என்பார் அப்பா.

கடைசி நாள் நான் எழும்ப, போர்வையும் கூட எழும்பியது. என் சட்டையையும் சேர்த்துத் தைத்திருந்தேன்.

"கண்ணை எங்கை வைச்சுத் தைச்சனி?" என்று அம்மா பிரிக்கப் போனார்.

"விடுங்கோ அம்மா, அந்தத் துண்டு என்னோடை வரட்டும்," என்று அண்ணை சட்டையை வெட்டினார்.

போர்வை என்னோடு ஒட்டியிருந்தால் அண்ணை போகமாட்டார் என்று நினைத்துத்தான் தைத்தேன் என்பதை, இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.