பெஹாலாவில் ஓர் ஒத்தி வீடு

தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடும் சாலையில் வடக்குப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு லுங்கி, ஒரு போர்வை, புதிதாக வாங்கிய தலையணை உறை. பெஹாலாவில் என் அப்பாவின் வீட்டில் படுத்துத் தூங்குவதற்காகக் காலையில் எடுத்துப்போன பை அது. பிரிக்காமலே தூக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். தூண்களுக்கு நடுவே தேங்கிய நீரில் ஆட்டோக்களின் விளக்குகள் நீளநீளமாக அசைந்தன. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கால்கள் யாருடையவையோ போல முன்னால் போயின. நான் பின்னால் போனேன்.

ஒத்தி என்றால் திருநெல்வேலிப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரர் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்வார். கொடுத்தவர் வாடகை இல்லாமல் அந்த வீட்டில் குடியிருப்பார். அதே தொகையை, கூடாமல் குறையாமல், திருப்பிக் கொடுக்கிற நாளில் வீடு கைக்கு வந்துவிடும். கல்கத்தாவில் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த அப்பா, அம்மாவின் சிறுநீரக வைத்தியத்துக்குப் பணம் புரட்ட வேண்டி வந்தபோது, தனக்குத் தெரிந்த வழியையே இங்கும் கையாண்டார். அடுத்த தெருவில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த ஒரு வங்காளி அம்மாள், கணவர் இறந்து கிடைத்த மூன்று லட்சத்தைக் கொடுத்துவிட்டுத் தையல் மெஷினோடு குடி வந்தார். தெருவில் எல்லாரும் அவரை பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அப்பா அவரிடம் ஒத்தியை விளக்கியது நினைவிருக்கிறது.

"வட்டியும் கிடையாது, வாடகையும் கிடையாதும்மா. உங்க பணம் எங்ககிட்ட தூங்கும், எங்க வீடு உங்ககிட்ட தூங்கும்."

"ரெண்டுல எது முதல்ல முழிச்சுக்கும்?" என்று பௌதி சிரித்தார்.

அம்மா பிழைக்கவில்லை. அப்பா ஊருக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குக் கடன்கள் வந்து சேர்ந்தன. முதலில், ஆஸ்பத்திரிச் செலவுக்காக அடகு வைத்திருந்த அக்காவின் நகை. அதை மீட்க விசாகப்பட்டினத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் சுமந்தேன். அடுத்து அப்பாவின் பேரில் இருந்த கூட்டுறவுக் கடன். அதற்கு சூரத்தில் சாயப்பட்டறை. நடுவில் எனக்கு ஒரு கல்யாணம் நடந்து, நாலு வருஷத்தில் முடிந்து, அதிலும் கொஞ்சம் கடன் மிஞ்சியது. அதை பாரதீப்பில் இறால் உரிக்கும் கொட்டகையில் கழித்தேன். எங்கேயாவது வேலை பிடிக்காமல் போனால் மறுநாளே கிளம்பிவிடுவேன். தினக்கூலிக்காரனை யாரும் தேடுவதில்லை.

அந்த ஊர்களில் கண்ணை மூடினால் பெஹாலா வீட்டுக்குள் நடப்பேன். பின் அறையில் சிவப்புச் சிமெண்டுத் தரை, ஓரத்தில் கறுப்புப் பட்டை. மத்தியானத்தில் ஜன்னல் அதில் தலைகீழாக இறங்கி நிற்கும். சின்ன வயதில் அதைத் தண்ணீர் என்று நினைத்துக் கால் வைக்கப் பயந்திருக்கிறேன். இறால் நாற்றத்துக்கு நடுவே படுத்துக்கொண்டு அந்தத் தரையில் மெதுவாக இறங்குவேன். கணுக்கால் வரை குளிரும். எந்த ஊரில் படுத்தாலும் நான் தூங்கியது அங்கேதான் என்று சில சமயம் தோன்றும்.

போன மாதம் மூன்று லட்சம் சேர்ந்துவிட்டது. ஹவுராவில் வந்து இறங்கி ஒரு கட்டில் வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, பௌதிக்கு போனில் குரல் செய்தி அனுப்பினேன். அலைந்த அலைச்சலில் என் வங்காளம் துருப்பிடித்திருந்தது. கடனை அடைப்பேன் என்பதற்கு 'ஷோத் தேபோ' என்று சொல்ல வேண்டும். தேபோ என்றால் கொடுப்பேன், நேபோ என்றால் எடுப்பேன். வீட்டை எடுப்பதே மனதில் இருந்ததோ என்னவோ, "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஷோத் நேபோ" என்று சொல்லி வைத்தேன். அதற்கு அர்த்தம், பழி வாங்குவேன்.

அதனால் நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் தெருக் கிளப்பின் ஆட்கள் ஐந்து பேர் கேரம் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளப்பின் காரியதரிசி, வழுக்கைத் தலையர், எழுந்து என் பையை உற்றுப் பார்த்தார். இந்த ஊரில் அண்ணனை தாதா என்பார்கள்.

"வாங்க தாதா. பழி வாங்க வந்திருக்கீங்களாமே? சாப்பிட்டுட்டு வாங்கறீங்களா, வாங்கிட்டுச் சாப்பிடறீங்களா?"

எனக்குப் புரிய நேரமாயிற்று. சட்டைப் பையிலிருந்து டி.டி.யை எடுத்து நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பௌதி, கத்தி இல்லே, காகிதம்தான்! இந்த மதராஸி தேபோவுக்கு நேபோங்கறார்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பௌதி சிரிக்கவில்லை. டி.டி.யை வாங்கி, அதில் தன் பெயரை விரல் வைத்துப் படித்தார். மெஷின் மேல் வைத்து, பறக்காமலிருக்கக் கத்தரிக்கோலை அதன்மேல் வைத்தார்.

"நீ சரியாத்தான் சொல்லியிருக்கே," என்றார்.

கேரம் காய்களின் சத்தம் நின்றது.

"தப்பா எடுத்துக்காதே தம்பி. உன் வீடு, நான் போயிடறேன். உங்கப்பா அன்னிக்கே தெளிவாச் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஆனா பதினோரு வருஷம் தூங்கினதுல பணம் இளைச்சுப்போச்சு. இதை வச்சுக்கிட்டு இன்னிக்கு நான் எங்கே போறது?"

"சட்டம் அவர் பக்கம், பௌதி," என்றார் காரியதரிசி மெல்ல.

"சட்டத்தை யாருடா கேட்டா? இடத்தைக் கேக்கறேன்."

நான் பின் அறைக்குப் போனேன். சுவரோரம் தைத்து முடித்த ரவிக்கைகள் அடுக்கியிருந்தன. சிவப்புத் தரை பல இடங்களில் தேய்ந்து வெளுத்திருந்தது. ஆனாலும் ஜன்னல் அதே இடத்தில் தலைகீழாக நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தேன். குளிர்ந்தது, கனவில் குளிர்ந்த அளவுக்கு இல்லை. வானம் இருட்ட இருட்ட ஜன்னல் தரைக்குள் மூழ்கிப்போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் இதில் மனதால் நடந்த வருஷங்களிலெல்லாம் பௌதி முன் அறையில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சத்தம் எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

வெளியே வந்து, "இன்னும் எவ்வளவு இருந்தா இடம் கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"ஜோக்கா தாண்டி ஓட்டு வீடு ஒண்ணு. ஒரே அறை, சொந்தமாவே தராங்க. இதோட இன்னும் ஒண்ணரை லட்சம்." கேள்விக்காகவே காத்திருந்தது போல பௌதி சொன்னார்.

"ஒரு வருஷம் குடுங்க, மீதியைக் கொண்டு வரேன். அதுவரைக்கும் இங்கேயே இருங்க."

"உங்க ஊரு ஒத்தில இப்படி ஒரு விதி இருக்கா?" என்றார் காரியதரிசி.

"இல்லை."

"அப்புறம் ஏன்?"

"தெரியலை தாதா."

மழை பிடித்துக்கொண்டது. மழைநாள் என்று பௌதி அரிசியும் பருப்பும் சேர்த்துக் கிச்சுடி செய்து, முட்டை பொரித்துப் போட்டார். ஆறு பேரும் கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். கிளம்பும்போது, "அடுத்த தடவை போன்ல எதுவும் பேசி அனுப்பாதே. வந்து கதவைத் தட்டு," என்றார். அதன்பிறகுதான் மெட்ரோவுக்குக் கீழே அந்தச் சாலையில் நடந்தேன்.

பஸ் பிடித்து பாபுகாட் போய், ஹவுராவுக்குப் படகு ஏறினேன். ஆற்றின் நடுவில் இரண்டு கரையும் ஒரே தூரத்தில் இருக்கிற ஓர் இடம் வரும். அங்கே படகு நின்றுவிட்டது போலவும், பாலமும் விளக்குகளும்தான் மெதுவாக எங்களைக் கடந்து மிதந்து போவது போலவும் இருந்தது. இறங்கினால் எதிரே ரயில் நிலையம். பலகையில் விசாகப்பட்டினம் வண்டி எழுதியிருந்தது, சூரத் வண்டியும் எழுதியிருந்தது. கையில் டிக்கெட்டுக்குப் பணம் இருந்தது. பௌதியிடம் நான் எழுதிக் கொடுத்தது எதுவும் இல்லை. ஒரு டீ குடித்து முடிக்கும்வரை பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துகள் மாறின. கட்டிலுக்குப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை, பக்கத்துச் சந்தில் இருந்த வார்ப்படப் பட்டறையில் போய் நின்றேன். பழைய இரும்பைத் தரம் பிரிக்க ஆள் வேண்டும் என்றார்கள்.

"தினக்கூலியா, மாசச் சம்பளமா?" என்று மேஸ்திரி கேட்டார். "மாசம்னா நடுவுல ஓடக் கூடாது. உன் மூஞ்சியப் பார்த்தா ரெண்டு மாசத்துல ஓடற ஆளு மாதிரி இருக்கே."

"மாசம்," என்றேன். "பன்னிரண்டு மாசம்."

அவர் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்துப் போட்டார். இரண்டுமே இடது கை உறைகள். ஒன்றைத் திருப்பி வலது கையில் மாட்டிக்கொண்டு இரும்புக் குவியலுக்குப் போனேன்.