அவசரத்துக்கு மட்டும் ஒரு கடை

1. வாசலில் நிற்பவரின் கால்

ஜவுளிக் கடைக்கு வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலையில் ஷட்டர் தூக்கும் முன்பே வாசலில் ஒருவர் நின்றால் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். செருப்பில்லாமலோ, வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டோ நின்றால் அவர் கோடி எடுக்க வந்திருக்கிறார். இறந்தவர்மேல் போர்த்தவும், புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொடுக்கவும் எடுக்கிற புதுத்துணிதான் கோடி.

அவரை "வாங்க" என்று அழைக்கக் கூடாது. உட்காரச் சொல்லக் கூடாது. அவர் பேரம் பேச மாட்டார்; நாமும் "வேற காட்டட்டுமா" என்று கேட்கக் கூடாது. 'மீண்டும் வருக' என்று அச்சடித்த கடைப் பை ஆகாது, செய்தித்தாளில் சுற்றித் தர வேண்டும். "போயிட்டு வாங்க" கிடையாது. அன்றைய போணி கோடியாக இருந்துவிடக் கூடாதென்று, அவருக்குத் துணி காட்டும் முன் எங்களில் ஒருவர் ஒரு கைக்குட்டையை வாங்கிக்கொள்வார். முதல் வியாபாரம் கைக்குட்டை, இரண்டாவதுதான் சாவு. இப்படி ஒரு ஏற்பாடு.

தென்காசி ரத வீதியில் இருக்கிற எங்கள் கடையில், சேலை கவுண்டரில் பாதி வாழ்க்கை நின்றிருக்கிறேன். ஒரு காலத்தில் பத்துப் பேர் நின்ற கடை அது. இப்போது முதலாளி அண்ணாச்சி, நான், பிளவுஸ் பிட் பார்க்கிற பேச்சியம்மா, மூன்றே பேர். போன ஆனியில் ஒரு வாரம் முழுக்க போணியும் நாங்களேதான் செய்தோம். அதற்குப் பின் வந்ததெல்லாம் கோடிதான். கோபுரவாசல் காற்று கடைக்குள் புகுந்து, தொங்கவிட்ட சேலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதையும் எடுக்காமல் போய்க்கொண்டிருந்தது.

"ஏலே மாடசாமி, கர்ச்சீப்ப நீயே வாங்கி நீயே மூக்கச் சிந்துத. இதுக்குப் பேரு யாவாரமாலே?" என்றார் அண்ணாச்சி.

அப்புறம் எங்கள் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டார். "போன்ல வாங்குத சாமானக் கொண்டு குடுக்குத பார்சல் கம்பெனிக்காரன் நாலு மட்டம் வந்து எடத்தக் கேட்டுட்டான். ஆவணி முகூர்த்தம் வரைக்கும் பாப்பேன். ஒரே ஒரு கலியாண வீடு நம்ம கடையில வந்து பட்டு எடுத்தாப் போதும், கட இருக்கும். இல்லன்னா சாவியக் குடுத்துருவேன். நீங்களும் வேற எடம் பாத்துக்கிடுங்க."

பேச்சியம்மாவின் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். எனக்கு, சேலை மடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. வேறு இடம் என்றால் எது?

2. குற்றாலத்தில் துண்டு

சீசன் தொடங்கியதும் அண்ணாச்சி என்னை ஒரு மூட்டைத் துண்டும் டவுசருமாகக் குற்றாலத்துக்கு அனுப்பினார். மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஒரு எண்ணெய்க் கடைக்காரர் தன் கடையோரம் கொஞ்சம் இடம் கொடுத்தார்.

சாரல் விழுந்துகொண்டே இருந்தது. மலை தெரியவில்லை, மலையின் சத்தம் மட்டும் கேட்டது. நடுங்கிக்கொண்டு வந்த ஒருவர், "அண்ணே, எதுனாலும் குடுங்க. சைஸெல்லாம் கேக்காதிய" என்றார். கொடுத்தேன். கலர்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அடுத்து வந்த பையன் பிளாஸ்டிக் உறைக்குள் போனை வைத்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அதில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இதே துண்டு ஆன்லைன்ல கம்மியா கெடக்குண்ணே."

"வரவழச்சித் தொவட்டிக்கோங்க தம்பி. நாளன்னைக்கு வந்துரும்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே வாங்கினான். அன்று எனக்கும் கொஞ்சம் திமிர்தான். நனைந்த உடம்புக்கு முன்னால் எந்த போனும் நிற்க முடியாது என்று பேச்சியம்மாவிடம் வந்து பெருமையடித்தேன்.

"சீசன் முடிஞ்சா என்ன செய்விய அண்ணே? ஊர்ல இருக்கவன் மேலெல்லாம் தண்ணிய ஊத்துவியளா?" என்றாள்.

3. அச்சன்புதூரிலிருந்து வந்தார்கள்

ஆடி பிறந்ததும் அச்சன்புதூருக்குப் போனேன். சண்முகையா அண்ணாச்சி நெல் விவசாயி. தங்கச்சி கல்யாணத்துக்கும் மூத்த மகள் கல்யாணத்துக்கும் எங்களிடம்தான் சேலை எடுத்தார். இளையவள் சுபாவுக்கு ஆவணியில் முகூர்த்தம் என்று கேள்விப்பட்டிருந்தேன். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன்.

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய? நம்ம கட இருக்கப்போ போன்லயா பட்டு எடுப்பேன்? கூட்டிட்டு வாரேன், போங்க" என்றார்.

வந்தார்கள். ஒரு வேன் நிறைய. பாய் விரித்தோம். அண்ணாச்சி தன் கையாலேயே காபி கொடுத்தார். நான் பட்டுகளை எடுத்து உதறி விரித்தேன். மாம்பழம், மயில்கழுத்து, அரக்கு, பச்சை. கடைக்குள் வெளிச்சம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சுபா ஒவ்வொன்றையும் நன்றாகவே பார்த்தாள், தொட்டாள், தோளில் போட்டாள். அப்புறம் தயங்கிக் கேட்டாள்.

"மாமா, இத ரிட்டர்ன் எடுப்பியளா?"

அண்ணாச்சி பதறிவிட்டார். "கலியாணச் சேலைய ரிட்டர்ன்னு வாயால சொல்லலாமா தாயி!"

"புடிக்கலன்னா என்ன செய்ய? ஆயுசுக்கும் புடிக்காமலே வச்சிருக்கணுமா?"

"ஏட்டி, சும்மா இரி" என்றார் அவள் அப்பா.

அவள் விடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "தப்பா எடுக்காதிய மாமா. போன்ல நூறு சேல தள்ளிப் பாத்தாலும் யாரும் மொகத்தச் சுளிக்க மாட்டாவ. இங்கன நாலாவது சேலைக்கே, எடுத்துக் காட்டுதவர் மொகத்தப் பாத்து எனக்குப் பாவமா இருக்கு. பாவப்பட்டு எடுத்த சேலைய எப்படி சந்தோசமா கட்ட?"

எடுத்துக் காட்டியது நான்தான். என்ன முகம் வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி எல்லாம் வாடிக்கையாளர் பக்கம்தான் திரும்பியிருக்கும்.

அவள் ஏற்கெனவே போனில் ஆர்டர் போட்டுவிட்டிருந்தாள். அதற்கு மேட்சாக எங்களிடம் ஒரு உள்பாவாடை மட்டும் எடுத்தார்கள். சண்முகையா அண்ணாச்சி கடைசி ஆளாகப் படியிறங்கினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிக்கிடுங்க மாடசாமி, நம்ம சொல்லு இப்பம் வீட்டுல செல்லுபடி ஆகல" என்றார். விரித்த பட்டுகளை மடித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

வேறு கல்யாண வீடு எதுவும் வரவில்லை. ஆவணியும் பிறந்தது. திங்கட்கிழமை சாவி தருவதாக அண்ணாச்சி பார்சல் கம்பெனிக்காரனிடம் சொல்லிவிட்டார். ரேக்குகளை இறக்கி மூட்டை கட்ட ஆரம்பித்தோம்.

4. சனிக்கிழமை காலை

மூட்டை கட்டுவதற்காக அன்று நேரத்திலேயே வந்தோம். வாசலில் ஒருவர் நின்றார். காலைப் பார்த்தேன். வெறுங்கால். அவருக்குப் பின்னால் நைட்டியும் மேலே ஒரு துப்பட்டாவுமாக ஒரு பெண். சுபா.

வந்தவர் அவளுடைய தாய்மாமா. "சண்முகையா மச்சான் போயிட்டாரு, இவ கலியாணத்தப் பாக்காமலே. ராத்திரி நெஞ்சு வலின்னாரு. திருநெல்வேலிக்குக் கொண்டு போனோம், ஆலங்குளம் தாண்டல. அக்காவுக்குக் கோடி எடுக்கணும். வெள்ள வேண்டாம். அக்காவுக்கு எது புடிக்கும்னு இவளுக்குத்தான் தெரியும், அதான் கூட்டியாந்தேன்."

கைக்குட்டை வாங்க யாருக்கும் தோன்றவில்லை. கட்டி வைத்த மூட்டையின் கயிறு அவிழவில்லை. அண்ணாச்சி பிளேடை எடுத்து அறுத்தார். மேலே இருந்த காட்டன் சேலைகளில் நாலைந்தை எடுத்து வைத்தேன்.

சுபா அவற்றைப் பார்க்கவில்லை. முதலில் இருந்ததன்மேல் கையை வைத்தாள். "எதுனாலும் குடுங்க மாமா" என்றாள்.

அருவிக்கரையில் நடுங்கிக்கொண்டு நின்றவர் சொன்ன அதே சொல். நூறு சேலை தள்ளிப் பார்த்தவள் இப்போது ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. வேறு காட்டட்டுமா என்று வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. செய்தித்தாளில் சுற்றினேன். தாள் என் கையில் சரியாக மடியவே இல்லை. பேச்சியம்மா வாங்கி மடித்துக் கொடுத்தாள். அவர்கள் பைக்கில் ஏறிப் போனார்கள்.

அண்ணாச்சி அறுத்த கயிற்றைச் சுருட்டி வைத்தார். அப்புறம் போனை எடுத்துப் பார்சல் கம்பெனிக்காரனிடம், "திங்கக்கெழம வர வேண்டாம். எடம் தரல" என்றார்.

"ஏன் அண்ணாச்சி?" என்றாள் பேச்சியம்மா.

"அவன் எதுன்னாலும் நாளன்னைக்குத்தான கொண்டாருவான். பொணம் நாளன்னைக்கு வரைக்கும் கெடக்குமா?"

வேலை போகவில்லை என்று பேச்சியம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. மறுகணமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூட்டைகளை நான் ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். பட்டு மூட்டையை மட்டும் அண்ணாச்சி அவிழ்க்க விடவில்லை.

5. இப்போது

கடை இருக்கிறது. விடிவதற்குள் திறந்துவிடுகிறோம். காட்டன் சேலை, வேட்டி, துண்டு, சீசனுக்கு டவுசர். வேறெதுவும் வாங்கி வைப்பதில்லை. எதிர்ப் பூக்கடைக்காரர் வழி கேட்பவர்களிடம், "துட்டிக் கடைதான? அந்தா" என்று கை காட்டுகிறார். துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் வாசல் வந்ததும் பெண்கள் எதிர்ச்சாரிக்கு மாறி நடக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பெரிய நகரங்களில் கடைகளை அழகாக்குகிறார்கள், காபி தருகிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள் என்று படிக்கிறேன். கடைக்கு எதிர்காலம் உண்டா என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் கண்ட ஒன்றைத்தான் சொல்ல முடியும். காத்திருக்க முடிந்ததெல்லாம் போனுக்குள் போய்விட்டது. ஆசைக்குக் காத்திருக்கத் தெரியும். ஆசைப்பட்டதற்காகக் காத்திருப்பதே ஒரு சுகம். அதனால் சந்தோஷம் முழுக்க அந்தப் பக்கம் போயிற்று. காத்திருக்க முடியாத குளிரும் சாவும்தான் எங்களுக்கு மிச்சம். கடை பிழைக்கும். எதைத் தின்று பிழைக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு வேலைக்கு வாருங்கள்.

அண்ணாச்சி இப்போது டீக்கடையில் யார் யாருக்கு முடியவில்லை என்று விசாரிக்கிறார். முதலில் அது அக்கறை என்றுதான் நினைத்தேன். விசாரித்துவிட்டு வந்து எவ்வளவு ஸ்டாக் எடுக்கலாம் என்று சொல்லும்போதுதான் புரிந்தது. நானும் விசாரிக்கிறேன். ஊரில் யாராவது இருமினால் திரும்பிப் பார்க்கிறேன்.

போன வாரம் ஒருவர்கூட வராத ஒரு மத்தியானம். ஆம்புலன்ஸ் ஒன்று சைரன் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து வந்து எங்கள் தெருமுனையைக் கடந்தது. நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தோம். சத்தம் தேய்ந்து போகும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.