திருவக்கரையில் கேட்ட ‘அண்ணி’

திண்டிவனம் பக்கம் திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை. நாங்கள் என்றால் நானும் என் நாத்தனார் விஜயாவும்.

விஜயா என் கணவரின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெகுகாலம் விழுப்புரத்தில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் தாம்பரத்தில் எங்களோடு வந்து சேர்ந்தாள். போன ஐப்பசியில் என் கணவர் இறந்துபோனார். "அண்ணனே இல்லாத வீட்ல நான் யாரா இருக்கறது?" என்று ஒருநாள் கேட்டாள். அதிலிருந்து என்னை முறை சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். ‘இந்தாங்க’, ‘கேட்டீங்களா’ என்றே பேச்சு ஓடியது. பிறகு விழுப்புரத்தில் ஒரு மகளிர் விடுதியில் அறை பேசிவிட்டதாகச் சொன்னாள். போகாதே என்று சொல்ல ஆசைதான். அவர் மூலமாக வந்த உறவு அவரோடு போய்விட்டதோ என்று எனக்கும் சந்தேகம். வழியில் கல்மரம் பார்த்துவிட்டு, சாயங்காலம் அவளை விடுதியில் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்புவதாகத் திட்டம். இப்படி ஒரு சுற்றுலாவை எந்த டிராவல்ஸும் போட்டிருக்காது.

காலை ஏழு மணிக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினால் ஒன்பதரைக்குத் திண்டிவனம். நான் இட்லி சாப்பிட்டேன். விஜயா சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு பசியில்லை என்றாள். திருவக்கரைக்கு பஸ் அடிக்கடி கிடையாது. மயிலம் வழியாகப் போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட ஆட்டோவுக்கு எழுநூறு ரூபாய். ஒரு வழிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஓட்டுநர் ஏழுமலை நல்ல பேச்சுக்காரர். வழியெல்லாம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளைக் காட்டி, எது யாருடையது என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் இருவரும் பேசாததை அவர் ஒருவரே ஈடுகட்டினார்.

வக்கிரகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு கல்மரப் பூங்காவுக்கு வந்தபோது உச்சிவேளை. ஏழுமலை ஆட்டோவை நிழலில் போட்டார்.

"உள்ள யாரும் இருக்க மாட்டாங்க, சாப்பாட்டு நேரம். ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்கம்மா. உச்சியில பின்னால யாருனா பேர் சொல்லிக் கூப்ட்டா ஒடனே என்னான்னு கேட்றாதீங்க. மூணாந்தரம் கூப்ட்டாதான் திரும்பணும்."

விஜயா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே மண்ணில் பாதி புதைந்து பெரிய பெரிய அடிமரங்கள் கிடந்தன. பட்டை, கணு, வளையம் எல்லாம் அப்படியே இருக்கிறது. அறுத்துப் போட்ட விறகு என்று நினைத்துக் கை வைத்தால் கல் சுடுகிறது. இத்தனை மரம் இருந்தும் ஒதுங்க நிழல் இல்லை, எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. விஜயா எனக்கு முன்னால் போய்ப் புதருக்கு அப்பால் மறைந்தாள். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி."

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. விஜயாவின் குரல்தான். ஆனால் இன்றைய குரல் இல்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் பாவாடை தாவணியில் ஓடிவருவாளே, அந்த விஜயாவின் குரல். முன்னால் போனவள் பின்னால் எப்படி வருவாள்? திரும்பாமல் இரண்டாவது குரலுக்காக நின்றேன். அது வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. கேட்டது என் பெயர் இல்லை. என்னை அண்ணி என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். சட்டென்று திரும்பி ஓடினேன்.

வந்த வழியிலேயே ஒரு பெரிய கல்மரத்துக்குப் பின்னால் விஜயா சரிந்து உட்கார்ந்திருந்தாள். புதரைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பியிருக்கிறாள். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. இனிப்பாக ஏதாவது கொண்டுவாருங்கள் என்று நான் போட்ட சத்தத்தில் ஏழுமலை பன்னீர் சோடாவோடு ஓடிவந்தார். மடக்கு மடக்காகக் குடித்தபின் அவளுக்குப் பேச்சு வந்தது.

"ஒரு தடவை கூப்பிட்டு நிறுத்திட்டியே விஜி, ரெண்டு மூணு தடவை கூப்பிடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நான் கூப்பிடலையே" என்றாள். "கூப்பிடணும்னு நெனச்சேன். வாய் வரைக்கும் வந்துச்சு. இனிமே அப்படிக் கூப்பிடலாமான்னு தெரியல. அதான் கூப்பிடல."

ஏழுமலை என்னைப் பார்த்தார். "உங்களுக்கு என்னான்னு கேட்டுச்சு?"

"அண்ணின்னு."

அவர் காலி சோடா பாட்டிலை வாங்கிக்கொண்டார். "அப்ப பயப்படாதீங்க. அதுங்களுக்குப் பேருதான் தெரியும், மொறை தெரியாது." சொன்னவர் அங்கே நிற்கவில்லை. "ஜல்தியா கெளம்பலாம்மா" என்று விஜயாவைத் தாங்கிக்கொண்டு நடந்தார். வாசல் தாண்டும்வரை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

திண்டிவனத்தில் டாக்டரிடம் காட்டி, சாப்பிட்டு, விழுப்புரம் பஸ் பிடித்தோம். ஒரு மணி நேரப் பயணம். விடுதி வாசலில் விஜயா பையை வாங்கக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"நீ இங்க தங்கிட்டா என்னை அண்ணின்னு கூப்பிட ஆளே இல்ல விஜி" என்றேன். அழுதுவிட்டேன், தெருவிலேயே.

அவள் உள்ளே போய் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் அவளே முந்திக்கொண்டு "ரெண்டு தாம்பரம்" என்று டிக்கெட் கேட்டாள்.

போகிறவர்கள் காலையிலேயே பூங்காவைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் சாப்பிடாமல் போகாதீர்கள். பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால், ஏழுமலை சொன்னபடி மூன்றாம் முறைவரை பொறுங்கள். முறை சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவையே திரும்பிவிடுங்கள். கூப்பிட்டது யார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.