மேல்வரியில் ஒரு பூஜ்யம்

வீட்டில் அவளுக்குப் பட்டப்பேர் பூட்டு. வெளியே கிளம்பினால் கதவுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காம் தரமும் இழுப்பாள். "நீ இழுக்கிற இழுப்புல கதவே கையோட வந்துடும்டி" என்பாள் அக்கா. பேருந்து ஓட்டும் அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். பயப்படுகிறவர்கள் மேல் அவருக்குத் தனி நம்பிக்கை.

கல்லூரியில் முதல் வருடம், பக்கத்து மேசைப் பெண்ணின் கையிலிருந்து அமில பாட்டில் நழுவியது. மரத்தில் புகைந்துகொண்டே அது வழிந்ததைப் பார்த்த அன்றே பூட்டு முடிவு செய்துவிட்டாள்: வேதியியல் வேண்டும், பாட்டில் வேண்டாம். அப்படித்தான் மூலக்கூறுகளைக் கணினியில் கட்டி, எவ்வளவு சூட்டில் அவை உடையும் என்று கணக்குப் போடும் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தாள். கூடவே, வாரம் இரண்டு நாள் இளநிலை மாணவர்களுக்கு அதே கணக்கைச் சொல்லிக்கொடுக்கும் வேலையும்.

அவள் கணக்குப் போட்டதை மூன்றாம் மாடி ஆய்வகத்தில் நிஜமாகவே செய்து பார்ப்பவர் ஒரு சீனியர். எல்லாருக்கும் அவர் குடுவை அண்ணன்.

"உனக்கென்னம்மா, உன் பொட்டியில வெடிச்சா சிவப்பா ஒரு வரி வரும். இங்க வெடிச்சா எனக்கு மூக்கே இருக்காது" என்று சீண்டுவார்.

புதுச் சேர்மம் ஒன்று நூற்றிருபது டிகிரி வரை தாங்கும், அதற்கு மேல்தான் வெடிக்கும் என்று போன வாரம் அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குச் சூடேற்றப் போவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று பத்தரைக்கு அவளுக்கு வகுப்பு. மாதிரிக்கு அந்தச் சேர்மத்தின் கோப்பையே திரையில் போட்டாள்.

"முதல்ல மேல்வரியைப் பாருங்க. மூலக்கூறுக்கு எவ்வளவு மின்சுமைன்னு நாமதான் சொல்லணும். கம்ப்யூட்டருக்கு அதுவாத் தெரியாது."

பின்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். "மேடம், இதுல ரெண்டு எலக்ட்ரான் கூடுதல்னீங்க. அப்ப மைனஸ் ரெண்டுதானே வரணும்? பூஜ்யம்னு இருக்கே?"

"மேடத்துக்கே மார்க்கு போச்சுடி" என்று யாரோ சொல்ல, வகுப்பு சிரித்தது. பூட்டு திரையருகே போய் மேல்வரியை மறுபடி படித்தாள்.

பழைய கோப்பு ஒன்றைப் படியெடுத்து அணுக்களை மட்டும் மாற்றியிருந்தாள். மேல்வரி அப்படியே நின்றுவிட்டது. ஒரு எலக்ட்ரான் மட்டும் விட்டுப்போயிருந்தால், ஜோடி இல்லாமல் ஒன்று தனியாக நிற்பதைக் கண்டு மென்பொருள் ஓடாமல் முரண்டு பிடித்திருக்கும். விட்டுப்போனது இரண்டு. ஜோடி சரியாக இருந்ததால், அது வாயே திறக்காமல் வேறு ஏதோ ஒரு மூலக்கூறுக்கு விடை சொல்லிவிட்டது. மூன்று தரம் சரிபார்த்தாள்தான். மூன்று தரமும் விடையை மட்டுமே பார்த்தாள்.

மணி பத்து ஐம்பத்திரண்டு. வகுப்பைப் பாதியில் விட்டு வெளியே வந்து அழைத்தாள்; குடுவை அண்ணனின் போன் எடுப்பாரின்றி அடித்துக்கொண்டே இருந்தது. ஆய்வகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினாள். ஒவ்வொரு படியிலும், மேலிருந்து ஒரு சத்தம் கேட்டுவிடுமோ என்று காது விறைத்துக்கொண்டது.

கதவைத் தள்ளினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சூட்டு மேடையின் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அதன் வெப்பமானியில் அறுபத்தொன்று.

"என்னம்மா, பேயைப் பார்த்த மாதிரி? பசிச்சுது, சீக்கிரமே ஆரம்பிச்சுட்டேன்."

"அணைங்கண்ணா! அணைச்சிட்டு வெளிய வந்துடுங்க! என் கணக்கு தப்பு!"

அவர் ஏன் என்று கேட்கவில்லை. பொத்தானை அழுத்தினார். இருவரும் வெளியே வந்து, கதவின் சின்னக் கண்ணாடி வழியே எண்ணைப் பார்த்தபடி நின்றார்கள். அணைத்த பிறகும் மேடையில் சூடு மிச்சமிருந்தது. அறுபத்து மூன்று. அறுபத்தைந்து. அவள் கதவுப்பிடியை இறுகப் பற்றியிருந்தாள். அறுபத்தாறில் அது வெகுநேரம் நின்றது. பிறகு அறுபத்தைந்து ஆனது.

"மூச்சு விடும்மா" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

அன்று மதியமே தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "திரும்பப் போடு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கணக்கு மூன்று நாள் ஓடியது. வெள்ளிக்கிழமை காலையில் விடை வந்ததும் தாளில் எழுதி மாடிக்கு எடுத்துப்போனாள். இந்தத் தரம் மேல்வரியையும் சேர்த்து எழுதியிருந்தாள்.

குடுவை அண்ணன் வாங்கிப் படித்தார். எழுபது டிகிரி.

கிண்டல் ஏதாவது வரும் என்று அவள் காத்திருந்தாள். அவரோ தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மூக்கை மெதுவாக ஒரு தரம் தடவிக்கொண்டார்.