ஏழாவது மேடு

வெள்ளைத் தூளைத் தண்ணீரில் குழைத்து, துணி ஒட்டிய கண்ணாடித் தட்டில் விட்டு, அதன்மேல் மின்முனையைச் செங்குத்தாக நிறுத்தி எட்டு வடிவத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறார் பேராசிரியர். மின்முனை என்றால் பென்சில் அளவு குச்சிதான். நுனியில் மிளகைவிடச் சின்னதாக ஒரு கரிப் பொட்டு. இடப்பக்கமாக நூறு எட்டு, வலப்பக்கமாக நூறு எட்டு. நடுவில் யாராவது பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து. தேய்த்து, கழுவி, உலர்த்திய பிறகு கட்டைவிரலால் பொட்டை ஒரு தடவு தடவிப் பார்ப்பார். மாணவர்கள் அதைத் தொட்டால் தொலைந்தார்கள். அந்தச் சட்டம் அவருக்குக் கிடையாது. "எனக்கு விரல்லயே தெரியும்" என்பார்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. அதில் பாதி ஃபுல்லரினோடு போயிருக்கிறது. அறுபது கரி அணுக்கள் கைகோத்துப் பந்தாக நிற்பதுதான் ஃபுல்லரின். கரைத்தால் கத்தரிப்பூ நிறம். அந்தப் பந்தோடு ஓர் உலோகச் சேர்மத்தைக் கோத்து, ஒவ்வொன்றாக எலக்ட்ரானை ஊட்டுவது இவர் வேலை. பந்து ஆறு வாங்கிக்கொள்ளும். ஒவ்வொன்றை வாங்கும்போதும் கணினித் திரையில் ஒரு மேடு எழும்பும். திருப்பித் தரும்போது அதற்கு ஜோடியாக ஒரு பள்ளம் விழும். அளக்கும் மின்னழுத்தமெல்லாம் கழித்தல் குறியோடுதான் வரும் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் 'மைனஸ் மேடம்'. அது அவருக்கும் தெரியும். மார்க் போடும்போது பெயரை நியாயப்படுத்திவிடுவார்.

"போனது திரும்பி வரணும்" என்பது அவருடைய ஒரே கொள்கை. மேட்டுக்கு ஜோடிப் பள்ளம் இல்லாத வரைபடம் நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போகும். ஏணியை இரவல் வாங்கி இரண்டு மாதம் வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரையும் "மீளாத வகை" என்று ஒதுக்கிவிட்டார்.

அப்படிப்பட்டவர் திரையில்தான் போன மாதம் ஏழாவதாக ஒரு மேடு எழுந்தது. எழுந்ததே தவிர, ஜோடியாக வரவேண்டிய பள்ளம் பெயருக்குத்தான் இருந்தது. வேறு யாருடையதாவது என்றால் கிழித்திருப்பார். இதை மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கூச்சப்படுது. பழகினா வரும்" என்றார். அன்றே ஆண்டு மாநாட்டுக்குத் தலைப்பும் அனுப்பியாயிற்று.

வீட்டுக்கு வந்ததும், "ஆறு ஏழாயிடுச்சுங்க" என்றார்.

"சாப்பாடுதான் ஆறுது" என்றார் கணவர். அவர் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார்.

சிக்கல் என்னவென்றால், அந்த மேடு பேராசிரியர் அளந்தால் மட்டும்தான் வந்தது. அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி நாற்பது தடவை அளந்தும் ஆறைத் தாண்டவில்லை. "ஒழுங்கா தேய்ச்சியா?" என்று மாணவியைக் குடைந்தார். நைட்ரஜன் உருளை கொண்டுவருபவரைக் கூப்பிட்டு வாயு சுத்தமா என்று விசாரித்தார். பக்கத்து அறை உயிரியல்காரர்களின் குளிர்பெட்டி அதிர்கிறது என்று சண்டை பிடித்து, அதைத் தாழ்வாரத்துக்கு வெளியேற்றினார். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் மாணவியிடம் குரலைத் தாழ்த்தி, "சிலருக்குக் கைராசின்னு ஒண்ணு இருக்கும்போல" என்று சொல்லிவிட்டு, வேறு யாராவது கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

கேட்டவர் ஒருவர் இருந்தார். கண்ணாடிச் சாமான் கழுவும் அம்மா தட்டோடு உள்ளே வந்து, மூக்கை உறிஞ்சினார்.

"கைக்கு என்ன மேடம் போடறீங்க? ரோஜா வாசனை தூக்குது."

"கிரீம். கையெல்லாம் வெடிச்சுக் கெடக்குன்னு எங்க வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்தார்."

"எப்போ?"

"போன மாசம்."

"அதான் பார்த்தேன். நீங்க தடவிப் பார்க்கற அந்தக் குச்சிகூட இப்பல்லாம் மணக்குது."

பேராசிரியர் கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்தார். மாணவியின் கட்டைவிரலில் அவரே கிரீமைத் தடவி, "தொடு" என்றார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக மாணவி அந்தப் பொட்டைத் தொட்டாள். ஏழாவது மேடு ஜம்மென்று எழுந்து நின்றது. தேய்த்துக் கழுவி, யாரும் தொடாமல் அளந்தார்கள். ஆறுதான்.

மாநாட்டுக்கு மூன்று நாள் இருந்தது.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாமா மேம்?" என்று மாணவி கேட்டாள். அந்த யோசனை அவருக்கும் வராமல் இல்லை. தலைப்பில் 'ஏழாவது' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த மூன்று நாளும் அவர் யாரையும் திட்டவில்லை. ஆய்வகமே பயந்துபோயிற்று.

மேடையில் ஏறினார். எதிரே இருநூறு பேர். தலைப்பை மாற்றவில்லை. வரைபடத்தைத் திரையில் காட்டி, "இதுல ஆறு ஃபுல்லரினோடது. ஏழாவது என் கட்டைவிரலோடது" என்றார்.

முன்வரிசையில், இருபது வருஷமாக ஒரு தசம எண்ணுக்காக அவரோடு மல்லுக்கட்டும் பேராசிரியர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அரங்கமே சேர்ந்துகொண்டது. சிரிப்பு அடங்கும்வரை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிச்சமிருந்த நேரம் முழுக்க, கிரீமிலுள்ள அமிலம் பந்திடம் என்ன வம்பு செய்திருக்கும் என்று வரி விடாமல் விளக்கினார். தேநீர் இடைவேளையில் இரண்டு பேர் தனித்தனியாக வந்து, அது எந்த கிரீம் என்று காதோடு கேட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை குளிர்பெட்டியைத் தாமே ஒரு பக்கம் பிடித்து உயிரியல்காரர்களின் அறைக்குள் தள்ளிவிட்டார். பிறகு மாணவியின் ஆய்வுக் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மாதப் பக்கங்களில் பதினான்கு இடத்தில் அவருடைய சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று இருந்தது. ஒவ்வொன்றாக அடித்து, மேலே 'என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். மாணவி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள். பதினோராவது பக்கத்தில் பேனா நின்றது. இரண்டு தடவை படித்தார்.

"இது உன்னோடதுதான்" என்று சொல்லி, அந்தக் 'கவனக்குறைவை' மட்டும் அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.