திரிபுவாதியின் தங்கை

தையலக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்ததே அவள் அண்ணன்தான். அண்ணன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்ப்பவர். மாப்பிள்ளைக்குக் கடைசல் பட்டறையில் வேலை. ஒரே கட்சி, ஒரே கிளை. "தங்கமான ஆளும்மா. நிலைப்பாடு மாறாதவன்" என்றார் அண்ணன். நிலைப்பாடு என்பது ஏதோ உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டு அவளும் தலையாட்டிவிட்டாள்.

கல்யாணமாகிப் போன பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் சாதாரண வார்த்தைக்குத்தான் பஞ்சம் என்று. சமையலில் உப்பு கூடினால், "சுயவிமர்சனம் பண்ணிக்கோ" என்பார் கணவர். கூரை ஒழுகினால், "புறச்சூழல் இன்னும் பக்குவப்படலை."

"உங்க புறச்சூழல் நேரா மெத்தை மேல சொட்டுது. ஏணியில ஏறுங்க."

சிரித்துக்கொண்டே ஏறுவார்.

அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு முதலில் கேட்பது ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்தான். ஜன்னலோரம் அவள் தையல் மெஷின்; பக்கத்து பெஞ்சில் இரண்டு பேரும். உலகத்தையே பிரித்துப் பிரித்துக் கோர்ப்பார்கள். அவளுக்குப் பாதி புரியாது. ஆனாலும் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்தே யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

அப்புறம் கட்சி உடைந்தது. எங்கேயோ பெரிய தலைகள் முட்டிக்கொண்டதில் விரிசல் இவள் வாசல் வரை வந்தது. அண்ணன் அந்தப் பக்கம் போனார். கணவர் இந்தப் பக்கமே நின்றார்.

"நீ ஒரு திரிபுவாதி" என்றார் கணவர்.

"நீ புத்தகத்தை விட்டு நகராத வறட்டுவாதி" என்றார் அண்ணன். ஊற்றி வைத்த டீயைத் தொடாமல் இறங்கிப் போய்விட்டார்.

"திரிபுவாதின்னா என்னங்க?" என்று கேட்டாள். "கொள்கையைத் திரிச்சுப் பேசுறவன்" என்று தொடங்கிக் கணவர் விளக்கினார், விளக்கினார், டீ ஆடை கட்டும் வரை விளக்கினார்.

"அப்ப நான் திரிபுவாதியோட தங்கச்சியா?"

அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. "உன்னைப் பத்திக் கட்சி இன்னும் முடிவெடுக்கலை" என்றார்.

இரண்டு பேருக்கும் வருஷக்கணக்கில் பேச்சில்லை. கணவர் பட்டறைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அண்ணன் வருவார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த வறட்டுவாதிக்கு முதுகுவலி தேவலையா?" என்பார். சாயங்காலம் கணவர் கைகால் கழுவிக்கொண்டே, "அந்தத் திரிபுவாதி இன்னும் சிகரெட்டை விடலையா?" என்பார். வார்த்தை என்னவோ வசவுதான். கேட்கிற குரல் அப்படியில்லை.

நெஞ்சுவலி என்று கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அண்ணன் ஓடி வந்தார். வந்தவர் கட்டிலின் கால்மாட்டில் மரம் மாதிரி நின்றார். கணவர் கண் திறந்து பார்த்தார்.

"உங்க மாநாட்டுத் தீர்மானம் படிச்சேன். சுத்த உளறல்."

"எந்தப் பத்தி?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார் அண்ணன். நர்ஸ் வந்து விரட்டும் வரை ஓயவில்லை. அவள் வராந்தாவில் நின்று அழுதாள். சிரிப்பும் வந்தது.

அதன் பிறகு ஞாயிறுகள் திரும்பின. கணவர் போய்ச்சேரும் வரை நல்ல சில வருஷங்கள்.

அவர் போன பிறகும் அண்ணன் வந்துகொண்டிருந்தார். பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்காருவார், மெஷின் ஓடுவதைப் பார்ப்பார், எழுந்து போவார். ஒரு ஞாயிறு அவளால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. மெஷினை நிறுத்தினாள்.

"என்ன இருந்தாலும் அண்ணே, அன்னைக்கு நீ கட்சியை விட்டு வெளிய போனது சந்தர்ப்பவாதம்தானே?"

அண்ணன் நிமிர்ந்தார். "யாரு சொன்னா?"

"வரலாறு சொல்லுது. பெரும்பான்மைக்குக் கட்டுப்படாதவன் எதிரிக்குத்தான் உதவுறான்."

அவளுக்கு அதில் நம்பிக்கையும் கிடையாது, அவநம்பிக்கையும் கிடையாது. கேட்டுக் கேட்டு ஊறிய வாக்கியம். சொல்லும்போது 'எதிரிக்குத்தான்' என்ற இடத்தில் கணவர் தரும் அழுத்தமும் தானாக வந்து விழுந்தது.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் நெடுநேரம் துடைத்தார். மாட்டிக்கொண்டு, பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அடிப்படையே தப்பு" என்று ஆரம்பித்தார்.