குட்டியைத் தேடி வந்த மிருகம்

இன்று வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் சாறிக்கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒன்பதாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தும்வரை என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"தங்கச்சி, அந்த நீலத்தைக் காட்டுங்கோ" என்றாள் ஒருத்தி. என் முகத்தைப் பார்க்கவில்லை. விரித்துக் காட்டினேன்.

பிறகு தியேட்டரில் ஓடும் ஒரு ராட்சத மிருகப் படத்தைப் பற்றிக் கதைத்தார்கள்.

"சும்மா ஊரை உடைக்குது. கதையே இல்லையடி."

பொறுக்க முடியாமல், "அது குட்டியைத் தேடித்தானே வந்தது" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். "அட, நீயே! இங்கிலிஷ் படமெல்லாம் உனக்கு விளங்குமோ?"

சாறியை மடித்தேன்.

படம் முழுக்க அந்த மிருகம் கத்தியது மட்டும்தான். இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் அழுதேன்.

அந்தக் கத்தல் விளங்க எத்தனையாம் வகுப்புவரை படிக்கவேண்டும்? படித்தவர்கள் சொல்லுங்கள்.